பிள்ளைகள் இல்லாத மைதானம்

கேரவன், அதாவது காரில் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு, வைத்திருக்கிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு சந்தோஷங்கள் உண்டு. ஒன்று, மே மாதம் கிளம்பிப் போவது. இன்னொன்று, பிப்ரவரியில் வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து, இந்த வருடம் எங்கே போவது என்று புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்வது. இரண்டாவதுதான் பெரிய சந்தோஷம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் யாரும் நனைவதில்லை.

வட இங்கிலாந்தில் கீத்லி என்ற ஊரில் நெவில், டோரீன் வீட்டில் அந்தச் சண்டை நின்றுபோய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. இடத்தை நெவில் பார்ப்பான். டோரீன் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

நெவில் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்துத்தான் நம்புவான். கேரவன் நிறுத்தும் இடத்துக்கு அவனிடம் சில சட்டங்கள் இருந்தன. தரை மட்டமாக இருக்கவேண்டும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கவேண்டும். ரொம்பப் பக்கத்திலும் கூடாது, தண்ணீர் பிடிக்க வருகிறவனெல்லாம் நம் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போவான். அக்கம்பக்கம் சத்தம் இருக்கக் கூடாது. இதெல்லாம் அவனுக்கு ஆதியிலிருந்தே உள்ளவை. மகள் பிரையனி போன பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. அந்த இடத்தில் குழந்தைகளே இருக்கக் கூடாது.

அப்படிப்பட்ட இடங்கள் நிறையவே உண்டு. பெரியவர்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே பலகை போட்டிருப்பார்கள். உள்ளே புல்லைக்கூடச் சீவி வாரி விட்டமாதிரி வைத்திருப்பார்கள். கூட்டம் அலைமோதும்.

பிரையனி அவர்களுடைய ஒரே பெண். அவர்களுக்கு நாற்பது வயதை ஒட்டிப் பிறந்தவள். காய்ச்சல் என்று படுத்தாள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், ஒரு வாரத்தில் போய்விட்டாள். ஒன்பது வயது. அந்தக் கோடையில் கேரவன் வீட்டு வாசலிலேயே நின்றது. அடுத்த வருடம் நெவில் பெரியவர்களுக்கு மட்டுமான இடம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்து, "பேசிட்டேன்" என்றான். டோரீன் "சரி" என்றாள். குழந்தைச் சத்தம் கேட்டால் அவனுக்குத் தாங்காது என்று அவளாகவே புரிந்துகொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் புண்ணைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மழை வரும் போலிருக்கிறதே என்று பேசுவதைத்தான் மரியாதை என்று நினைப்பார்கள். கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் அப்படித்தான்.

டோரீனுக்கும் அப்போது அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் தொடக்கப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறவள். கரண்டியோடு நிற்பாள்; மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் காதைப் பிளக்கிற சத்தத்தோடு ஓடி வருவார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவள் உயிரோடு இருந்தாள். இதை நெவிலிடம் அவள் சொன்னதில்லை. போன வருடம் அவளும் ஓய்வு பெற்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பூச்செடியும் ஒரு கேக்கும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

அந்தக் கோடையில் லிங்கன்ஷரில் நெவில் பார்த்த இடத்துக்குப் போனார்கள். பக்கத்துக் கேரவனில் பெரில் என்று ஒருத்தி. நல்ல மனுஷிதான், வந்த அன்றே தக்காளி கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் எல்லோரும் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தபோது ஒயின் கிளாஸைத் தூக்கிப் பிடித்தாள்.

"அப்பாடா! காதுக்கு என்ன நிம்மதி பாத்தீங்களா? ஒரு குட்டிப் பிசாசு இல்ல, ஒரு பந்து இல்ல. போன வருஷம் ஒரு எடத்துல என் காபில வந்து விழுந்துச்சு பந்து! பெத்தவ பாட்டுக்குச் சிரிச்சிட்டு நிக்கறா. நீங்களும் நம்ம கட்சிதானே நெவில்?"

"ஆமா, நம்ம கட்சிதான்" என்று நெவில் தன் கிளாஸை அவள் கிளாஸோடு இடித்தான்.

உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று டோரீன் உள்ளே போனாள். அடுப்பில் உருளைக்கிழங்கே இல்லை. சின்ன பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவன் மரியாதைக்குச் சொன்னான் என்பது தெரியும். இருந்தாலும் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடவேண்டும் போலிருந்தது.

அதனால்தான் இந்த பிப்ரவரியில், நெவில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள். "இந்த வாட்டி எடம் நான் பாக்கறேன்."

நெவில் நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?"

"கண்ணு இருக்கு. தரை மட்டமா இருக்கான்னு கண்ணால பாத்தா தெரியாதே."

"போய் எறங்கினப்புறம் உன் ரசமட்டத்தை வெச்சு மைதானம் பூரா அளந்துக்கோ. யாரு வேண்டாங்கறா?"

அவன் சிரித்தான். "சரி, பாரு. குழாய், மட்டம், அமைதி. அவ்ளோதான்."

நாலாவதை அவன் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

மறுநாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் தோர்ன் கில் என்ற பண்ணைக்குப் போன் செய்தாள். ஆட்டுப் பண்ணை. ஒரு வயலைக் கேரவன்களுக்கும் கூடாரங்களுக்கும் விட்டிருந்தார்கள். எடுத்தது மிஸஸ் ஐவ்சன், பண்ணைக்காரி.

"குழந்தைங்கள்லாம் வருவாங்களா அங்க?" என்று கேட்டாள் டோரீன்.

"வராமலா! மே கடைசில ஸ்கூல் லீவு விட்டா வயல்ல கால் வெக்க எடம் இருக்காது கண்ணு. ஆத்துல ஒரு கும்பல், மரத்துல ஒரு கும்பல். உங்களுக்குத் தொந்தரவுன்னா அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுங்க."

"இல்ல இல்ல" என்றாள் டோரீன். "லீவுக்கு முன்னாடி வந்து, லீவுலயும் இருக்கோம்."

அவள் போட்ட கணக்கு அதுதான். செவ்வாய்க்கிழமை போனால் வயல் காலியாக இருக்கும். நெவிலுக்கு இடம் பிடித்துப்போகும், மனசு இளகும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்து சேரும்போது அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். நீட்டின காலை மடக்கிக்கொண்டு எழுந்து போவது யாருக்குமே கொஞ்சம் கஷ்டம். இப்படி ஒரு குருட்டுக் கணக்கு.

செவ்வாய் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்கக் கல் சுவர்களும் ஆட்டுக்குட்டிகளும். மிஸஸ் ஐவ்சன் சேற்றுப் பூட்ஸோடு வந்து கேட்டைத் திறந்து, "எங்க வேணா நிறுத்திக்கோங்க, எல்லாம் உங்களோடதுதான்" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் என்று நெவிலிடம் சொன்னால் பொழுது அடைந்துவிடும். அவன் வயலை இரண்டு சுற்று சுற்றி வந்தான். பூட்ஸ் குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தான். மரத்தடி வேண்டாம், மழை விட்ட பிறகும் சொட்டும். ஆற்றங்கரை வேண்டாம், ஈரம் ஏறும். வீடு வாங்குகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். கடைசியில் மேற்குச் சுவர் ஓரமாக ஒரு மூலையில் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தவன், நிமிரும்போது சிரித்துக்கொண்டிருந்தான்.

"டோரீன், இங்க வந்து பாரு. நடுவுல நிக்குது குமிழி. சக்கரத்துக்கு ஆப்பே வெக்க வேண்டாம்."

"நான்தானே பாத்தேன் எடம்."

"ஒத்துக்கறேன் தாயே. நான் பாத்தது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு."

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வரப்போவதை இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவன் கேரவனின் மூலைக் கால்களை இறக்கக் குனிந்துவிட்டான்.

அடுத்த மூன்று நாளும் நன்றாகத்தான் போயின. நெவில் பீப்பாயை உருட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். மிஸஸ் ஐவ்சன் கொடுத்த பாலாடைக்கட்டியைப் பழக் கேக்கோடு வைத்துத் தின்றான். ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே வாய் பிளந்து தூங்கினான். ஒவ்வொரு வேளையும் சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு வேளையும் டீ போட எழுந்து போனாள் டோரீன். இத்தனை டீயை அவர்கள் வாழ்நாளில் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் முதல் கார் வந்தது. அப்புறம் வரிசையாக வந்தன. கூரையில் சைக்கிள், பின்னால் மெத்தை, ஜன்னலில் நாய்த் தலை. கதவு திறக்கும் முன்பே பிள்ளைகள் குதித்து ஆற்றைப் பார்க்க ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் வயல் முழுக்கக் கூச்சல். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பம் பச்சைக் கூடாரம் ஒன்றை அடிக்க ஆரம்பித்தது. அப்பா கம்பியை மாற்றிச் செருகிவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். அம்மா, "டாம்சின்! சுத்தியல் எங்கடி?" என்று கத்தினாள். எட்டு வயதுப் பெண் ஒன்று, முன்பல் விழுந்தது, சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு சிப்பாய் மாதிரி நடந்து வந்தது.

டோரீன் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வெயில் பட்ட மாதிரி இருந்தது. ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துபோய், திரும்பி நெவிலைப் பார்த்தாள்.

நெவில் நாற்காலியில் இல்லை. உள்ளே போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தான். அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கேரவனில் சண்டை போடுவது தனி வித்தை. சுவர் அட்டை மாதிரி. தும்மினால் பத்துப் பேர் ஆசீர்வாதம் பண்ணுவார்கள். அதனால் அதிலே வாழ்கிறவர்கள் எவ்வளவு பெரிய சண்டையையும் கிசுகிசுவென்றுதான் போடுவார்கள். இவர்கள் இருவருக்கும் இடையே பதினோரு வருடமாக வராத சண்டை, அன்று சாயங்காலம் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அடுப்பில் கெட்டில்.

"உனக்குத் தெரியும்" என்றான் நெவில்.

"தெரியும்."

"தெரிஞ்சே கூட்டிட்டு வந்திருக்கே."

"ஆமா. கேட்டா நீ வரமாட்டேன்னுவே. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"மூணு நாளா எதிர்ல உக்காந்து டீ ஊத்திக் குடுத்துட்டிருந்தியே டோரீன்! ஒரு வார்த்தை…"

"நீ பெரில் கிட்ட நம்ம கட்சின்னு சொன்னியே, அப்ப எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"என்னால அதைப் பேச்சுக்குக்கூடக் கேக்க முடியல. நெவில், நான் சொல்றதைக் கேளு. எங்கயோ ஒரு பொண்ணு அம்மான்னு கத்தும். நான் சட்டுனு திரும்புவேன். திரும்பறதுக்குள்ள ஒரு நொடி… அந்த நொடில அவ இருக்கா. அப்புறம் இல்ல. ஆனா அந்த நொடி இருக்கா. ஸ்கூல்ல தினமும் அது எனக்குக் கெடைச்சிட்டிருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. வீட்ல கடிகாரம் மட்டும்தான் சத்தம் போடுது. எனக்கு அது வேணும். பிச்சை கேக்கறேன்னு வெச்சுக்கோ."

கெட்டில் விசிலடித்தது. இருவருமே அதை அணைக்கவில்லை. வெளியிலிருந்து டாம்சினின் அப்பா, "யாரோட கெட்டிலோ கொதிக்குதுங்கோ!" என்று சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார். டோரீன் கை நீட்டி அணைத்தாள். "தேங்க்ஸ்!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சந்தோஷமான குரலில் சொன்னாள். பிறகு மறுபடி கிசுகிசுத்தாள்.

"எதாவது சொல்லு."

நெவில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னால முடியாது. காலைல கெளம்பறேன்."

"நான் வரல."

"எங்க தங்குவே?"

"பண்ணை வீட்ல ஒரு ரூம் இருக்காம். கேட்டுக்கறேன். நீ போ."

"சரி" என்றான் அவன். அந்தச் சரியில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வெறும் களைப்புதான் இருந்தது.

காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பன்றி இறைச்சி வறுபடுகிற வாசனை வயல் முழுக்க. டோரீன் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெவில் மூலைக் கால்களை ஏற்றினான், தண்ணீரைக் கொட்டினான், காரைப் பின்னால் எடுத்துக் கொக்கியில் மாட்டினான். எல்லாம் தனியாகவே செய்தான். ஆனால் பின்விளக்கு எரிகிறதா என்பதை மட்டும் ஒருத்தன் தனியாகப் பார்க்க முடியாது. ஒருவர் காருக்குள் இருக்கவேண்டும், ஒருவர் கேரவனுக்குப் பின்னால் நிற்கவேண்டும். அவன் காரில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். யாரையும் கூப்பிடவில்லை.

டோரீன் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பின்னால் நின்றாள். பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்டாட்டிகூட விளக்குக்கு வந்து நிற்பார்கள், கேரவன்காரர்களில் அது எழுதாத சட்டம். பாதி வழியில் விளக்கு எரியாமல் எவனாவது வந்து மோதினால் என்ன ஆவது?

"எடது" என்றாள். "ம். வலது. பிரேக்கு. சரியா இருக்கு."

அவள் நாற்காலிக்குத் திரும்பும்போது டாம்சின் வந்துகொண்டிருந்தாள். கையில் பாதி கடித்த ரொட்டி. கூடார வாசலில் அவள் அம்மா, போ போ என்று கையால் சைகை செய்துவிட்டு, கண்ணில் படாதபடி உள்ளே போய்விட்டாள். டாம்சின் கார் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றாள்.

"எங்கம்மா சாரி சொல்லச் சொன்னாங்க. நேத்து நாங்க ரொம்பச் சத்தம் போட்டுட்டோம்."

"நீங்க ஒண்ணும் பண்ணலயே" என்றான் நெவில்.

"அப்ப ஏன் போறீங்க?"

நெவில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா சொன்னாங்க, உங்களுக்குக் குழந்தைங்கன்னா பிடிக்காதாம். அதான் ஜன்னலெல்லாம் சாத்திட்டீங்களாம். சிலருக்குப் பிடிக்காதாம், அது தப்பில்லையாம்." ரொட்டியை இன்னொரு கடி கடித்தாள். "எங்க மாமாவுக்கும் பிடிக்காது."

டோரீன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நெவிலின் முகம் அவளுக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. 

"பிடிக்கும்மா" என்றான். "ஒண்ணே ஒண்ணை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதான்."

"அது யாரு?"

"எங்க பொண்ணு. பிரையனி."

பதினோரு வருடத்தில் அந்தப் பெயர் அவன் வாயில் வந்து டோரீன் கேட்டது அதுதான் முதல் தடவை. தன்னிடம் சொல்லவில்லை. யாரோ ஒரு குழந்தையிடம், ரொட்டி தின்றுகொண்டு நிற்கிற குழந்தையிடம் சொன்னான். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அவங்க எங்க இருக்காங்க?" என்று டாம்சின் கேட்டாள்.

"செத்துப்போயிட்டா. உன்னைவிட ஒரு வயசு பெரியவ."

"ஓ" என்றாள் டாம்சின். கொஞ்சம் யோசித்தாள். "நான் போய்க் கேட்டைத் திறந்து விடட்டுமா?"

"திறந்து விடு" என்றான் நெவில்.

அவள் ஓடினாள். நெவில் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது, நின்றது. மறுபடி திருகினான். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது வயல் முழுக்கத் தெரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் பாத்திரத்தைப் பார்த்தார்கள். நாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நாயைப் பார்த்தார். எல்லோரும் அவ்வளவு மரியாதையானவர்கள்.

டோரீன் நாற்காலியை மடக்கினாள். பையையும் அதையும் பின் சீட்டில் போட்டாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காரு."

"நீ இருக்கேன்னு சொன்னியே."

"தள்ளி உக்காருன்னேன்."

"நீ கேரவனை இழுத்து ஓட்டினதே இல்லியே டோரீன்."

"நீ ஓட்டற நெலமைலயா இருக்கே?"

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் திருத்திக்கொண்டு, மெதுவாக வண்டியை எடுத்தாள். பின்னால் அந்தப் பாரம் அசைவதை முதுகிலேயே உணர முடிந்தது.  கேட்டில் டாம்சினோடு இன்னும் நாலைந்து பிள்ளைகள் ஏறித் தொங்கிக்கொண்டு, "டாட்டா! டாட்டா!" என்று கத்தினார்கள். கையை எடுத்தால் வண்டி எங்கே போகுமோ என்ற பயத்தில் அவள் டாட்டா காட்டவில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைக் கடந்து வெளியே வந்தாள். அவனை அப்படியே விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்து எந்த நொடியை அனுபவிப்பது?

சாலை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் கல் சுவர், எங்கேயும் ஒதுங்க முடியாது. அவளுக்குப் பின்னால் கார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஊர்ந்தன.

"ஆஸ்பத்திரில ஒரு நாள்" என்றான் நெவில். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உன்னைக் குளிச்சிட்டு வான்னு வீட்டுக்கு அனுப்பினேனே, அன்னிக்கு. அவ முழிச்சா. நல்லாப் பேசினா. மே மாச லீவுக்கு எங்கப்பா போறோம்னா. நீ தேறி வா, போலாம்னேன். எப்பவும் யாருமே இல்லாத எடத்துக்கே கூட்டிட்டுப் போறே, வெளையாட ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்கன்னா."

டோரீன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

"உண்மைதானே? நான் மட்டம் பாத்தேன், குழாய் பாத்தேன், சத்தம் இருக்கான்னு பாத்தேன். அவளுக்கு வெளையாட ஆளு இருக்கான்னு பாத்தேனா? அவ பாட்டுக்குச் சுவத்துல பந்தை அடிச்சிட்டிருப்பா. நான் பேப்பர் படிச்சிட்டிருப்பேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "இந்த வாட்டி பிள்ளைங்க நெறைய இருக்கற எடமா பாத்துப் போலாம்னு சொன்னேன். சத்தியமாவான்னா. சத்தியமான்னேன்."

எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி ஓட்டினாள். அது கடந்து போயிற்று.

"அவ இருந்தப்ப கூட்டிட்டுப் போகல. அவ போனப்புறம் நான் மட்டும் போய், மத்த பிள்ளைங்க வெளையாடறதைப் பாத்துட்டு நாற்காலி போட்டு உக்காரணுமா? எப்படி டோரீன்?"

அவன்மேல் அவள் வைத்திருந்த கோபமெல்லாம் தப்பான கோபம். அவனுக்குச் சத்தம் தாங்காது என்று நினைத்தாள், நெஞ்சு கெட்டிப்பட்டுவிட்டது என்றுகூட நினைத்தாள். அவன் பக்கம் திரும்பவேண்டும், கையைப் பிடிக்கவேண்டும் என்று உடம்பு தவித்தது. பார்வையை எடுத்தால் வண்டி சுவரில் உரசும். கண் மறைக்கும் என்பதால் அழவும் பயமாக இருந்தது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே நெவில். ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே" என்றான் அவன்.

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.  சாலை இன்னும் அகலப்படவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் நேராகப் பார்த்து ஓட்டினாள்.